மாடியில கருப்புத் தூசி, பையனுக்கு வீசிங்: அதுதான் காரணமா டாக்டர்?

கேள்வி: எண்ணூர் பக்கம் இருக்கோம் டாக்டர். காலைல துணி காயப்போட மாடிக்குப் போனா தரையெல்லாம் கருப்புத் தூசி, பாதம் கருப்பாயிடுது. 7 வயசு பையனுக்கு ராத்திரியானா இருமல், வீசிங். அந்தத் தூசிதான் நெஞ்சுல படியுதா? பனைவெல்லம் குடுத்தா வெளிய வந்துரும்னு சொல்றாங்களே? மாமியாருக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கு, அவங்க விடியகாலைல மெயின் ரோட்டோரம் வாக்கிங் போறாங்க, போலாமா? பேசாம வீட்ட மாத்திடலாமா?

பதில்: பாதத்துல ஒட்டுற தூசி பெரும்பாலும் நுரையீரல் அடி வரைக்கும் போகாதும்மா. கண்ணுக்குத் தெரியிற சைஸ்ல இருக்குற துகள் மூக்குலயும் தொண்டையிலயும் மாட்டிக்கிட்டு தும்மலா சளியா வெளிய வந்துரும், எரிச்சல் குடுக்கும், இருமலை கிளப்பும், அவ்ளோதான். எனக்குப் பயம் கண்ணுக்குத் தெரியாததுதான். நம்ம தலைமுடி தடிமன் சுமார் 70 மைக்ரான், நியூஸ்ல பிஎம் 2.5ன்னு சொல்றாங்களே அது 2.5 மைக்ரானும் அதுக்குக் கீழயும், அது காற்றுப்பை வரைக்கும் இறங்கிடும், அதுலயும் ரொம்ப பொடிசா இருக்குறது ரத்தத்துலயே கலந்துரும். தரையில தூசி இல்லாத நாள்ல காத்து சுத்தமா இருக்குன்னு நினைச்சுக்காதீங்க.

சரி உங்க மாடில இருக்குறது என்ன? ஒண்ணு மட்டும் இருக்காது. துறைமுகத்துல இறக்கி குவிச்சு வெச்சிருக்குற நிலக்கரியில இருந்து பறந்து வர்ற தூள் நல்ல கருப்பு. அனல் மின் நிலையத்துல எரிச்சு முடிச்ச சாம்பல் வெளிர் சாம்பல் கலர்ல நைசா இருக்கும், அதுல சிலிக்காவும் அலுமினாவும் இரும்பும்தான் அதிகம். கன்டெய்னர் லாரி டீசல் கரி இருக்கே அது வேற, ஈரத்துணில துடைச்சா பிசுபிசுன்னு இழுபடும். கூடவே ரோட்டு மண்ணு, டயர் பிரேக் தேயுற தூள், கடல் பக்கம்ங்கிறதால கொஞ்சம் உப்பு.

இதுல நிறைய பேருக்கு தெரியாதது ஒண்ணு இருக்கு. இந்த பிஎம் 2.5 பொடித்துகள்ல ஒரு பெரிய பங்கு துகளா வெளிய வர்றதே இல்ல, புகைபோக்கியில இருந்து கேஸாத்தான் வருது. சாம்பலைப் பிடிக்கிற மெஷின் புகைபோக்கிக்கு முன்னாடியே இருக்கு, அது ஒழுங்கா ஓடுனா சாம்பல்ல 99 சதவீதத்துக்கு மேல பிடிச்சிடும், ஆனா சல்ஃபர் டை ஆக்சைடை அது பிடிக்காது. அந்த கேஸ் காத்துல போகப் போக அம்மோனியாவோட சேர்ந்து சல்ஃபேட் துகளா மாறும், பல கிலோமீட்டர் தள்ளி இருக்குறவனும் அதத்தான் மூச்சுல இழுக்குறான். இந்த கேஸுக்கு லிமிட் வெச்சு 2015ல விதி வந்துச்சு, அப்புறம் கெடுவை தள்ளிக்கிட்டே போனாங்க. அதப் பத்தி பேச ஆரம்பிச்சா எனக்கு பிபி ஏறிடும், விடுங்க.

போன்ல ஏக்யூஐ, அதாவது காத்து எவ்ளோ மாசுன்னு சொல்ற எண், பாக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை, மீட்டர் துகளோட எடையத்தான் சொல்லும், உள்ள இருக்குறது கடல் உப்பா டீசல் கரியான்னு சொல்லாது. பிஎம் 2.5க்கு ஒரு நாள் சராசரியா நம்ம நாட்டுல ஒரு கன மீட்டர் காத்துல 60 மைக்ரோகிராம் வரை ஓகே, உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்னது 15. அதனால ஆப் பச்சை கலர் காட்டுதுன்னு வீசிங் உள்ள குழந்தைய நம்பி அனுப்ப முடியாது.

இப்ப பையன் விஷயம். ராத்திரிலதான் அதிகம்னு சொல்றீங்க, அப்ப நான் முதல்ல கேக்குறது படுக்குற ரூம்ல கொசுவத்தி ஏத்துறீங்களா? 2003ல வந்த ஒரு ஆய்வுல ஒரே ஒரு கொசுவத்தி காயில் எரிஞ்சா 75ல இருந்து 137 சிகரெட் அளவுக்கு பொடித்துகள் வருதுன்னு கணக்கு போட்டிருக்காங்க. ஜன்னல சாத்திட்டு, வெளிய மாசு ஜாஸ்தின்னு சொல்லிட்டு, உள்ள காயில் ஏத்துற வீடு எத்தனையோ பாத்துட்டேன். இன்னைக்கே நிறுத்துங்க, கொசுவலை கட்டுங்க. வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் பையன் இருக்குற ரூம்ல வேண்டாம், சாமி ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு. மாடிய விளக்கமாறால பெருக்காதீங்க, படிஞ்சு கிடக்குறத நீங்களே மறுபடி கிளப்பி விடுறீங்க, தண்ணி ஊத்தி கழுவுங்க இல்ல ஈரத்துணி போட்டு துடைங்க. பனைவெல்லம் பிடிச்சா சாப்பிடட்டும், அது போறது வயித்துக்கு, நுரையீரலுக்கு இல்ல.

இதெல்லாம் செஞ்சாலும் டாக்டர்ட்ட காட்டாம இருக்காதீங்க. திரும்பத் திரும்ப ராத்திரி வீசிங் வந்தா ஆஸ்துமாவான்னு பாக்கணும். ஆஸ்துமான்னு சொல்லி இன்ஹேலர் குடுத்தா ஸ்பேஸரோட (இன்ஹேலர்ல மாட்டுற குழாய்) ஒழுங்கா குடுங்க, பழகிடும் அடிமையாயிடுவான்னு பக்கத்து வீட்ல சொல்றத கேட்டு பாதியில நிறுத்திடாதீங்க. தூசி இருக்குற ஊர்ல அந்த மருந்து இன்னும் அவசியம்.

மாமியாரைத்தான் உங்க கேள்வியில கடைசில போட்டிருக்கீங்க, நானா இருந்தா முதல்ல போட்டிருப்பேன். இந்த பொடித்துகள் நுரையீரலோட நிக்காது, ரத்தக்குழாயில வீக்கம் உண்டாக்கும், ரத்தம் உறையுற தன்மையக் கூட்டும், ஏற்கனவே இதய நோய் உள்ளவங்களுக்கு மாசு அதிகமான நாள்ல ஹார்ட் அட்டாக் வாய்ப்பு கூடும். மார்கழி தை மாசம் விடியகாலைல குளிர்காத்து தரையோட தேங்கி நிக்கும், புகை மேல போக வழியில்ல, லாரியும் அந்த நேரம் ஓடும். வாக்கிங்க நிறுத்த வேண்டாம், வெயில் கொஞ்சம் ஏறின பிறகு உள் தெருவுல நடக்கச் சொல்லுங்க. மெயின் ரோட்டுக்கு போயே ஆகணும்னா என்95 மாஸ்க், முகத்தோட ஒட்டி இருக்கணும், துணி மாஸ்க் இதுக்கு பிரயோஜனமில்ல. நடக்கும்போது நெஞ்சு இறுக்கமா இருந்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே இதய டாக்டர்.

வீடு மாத்துறதுக்கு வேலை, ஸ்கூல், வாடகை எல்லாம் இருக்கு, சட்டுன்னு சொல்ல மாட்டேன். வீட்டுப் புகைய நிறுத்தி, மருந்தும் ஒழுங்கா குடுத்து ஒரு ரெண்டு மூணு மாசம் பாருங்க, எந்த நாள் வீசிங் வந்துச்சுன்னு காலண்டர்ல குறிச்சு வெச்சு உங்க டாக்டர்ட்ட காட்டுங்க, அப்பவும் அடங்கலன்னா மாத்துறது நல்லதுதான். ஆனா பையனுக்கு மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவுல குழி விழுந்தாலோ, ஒரு வாக்கியம் முழுசா பேச முடியலன்னாலோ, உதடு நீலமா தெரிஞ்சாலோ காலண்டர் எல்லாம் பாத்துக்கிட்டு இருக்காதீங்க, 108 கூப்பிடுங்க.