தேரோடும் வீதிக்கு வரைபடத்தில் என்ன நிறம்?

கேள்வி: எங்கள் ஊருக்கு மாஸ்டர் பிளான் வரப்போகிறது. தேரோடும் வீதிகளை வணிகப் பகுதியாக்கி, நடுவில் தடுப்புக் கட்டுவார்கள் என்கிறார்கள். யாரிடம், எப்படிச் சொன்னால் எடுபடும்?
– ஒரு வாசகி, தஞ்சை மாவட்டம்

பதில்: ஊரில் எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் மாஸ்டர் பிளானின் வரைவு அரசிதழில் அறிவிக்கப்பட்டதும், ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அந்த இரண்டு மாதத்தைத் தவறவிடாதீர்கள். ஒப்புதல் வந்த பிறகு திருத்துவது பெரும்பாடு.

நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் குடியிருப்புக்கு ஒரு நிறம், கடைகளுக்கு ஒரு நிறம். வருடத்தில் சில நாள் ஓடும் தேருக்கு நிறமே கிடையாது. ‘பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள்’ என்று மட்டும் எழுதினால், எந்தக் கோட்டைத் திருத்துவது என்று அலுவலருக்குத் தெரியாது. அளவோடு எழுதுங்கள். தேர் தன் நிலையிலிருந்து கிளம்பி நிலைக்குத் திரும்பும்வரை டேப் பிடித்து அளந்து, வீதி மிகக் குறுகும் இடத்தின் அகலம், அலங்காரம் கட்டிய தேரின் உயரம், அகலம் எல்லாவற்றையும் நகர அளவை எண்ணோடு (டவுன் சர்வே எண்) குறியுங்கள்.

மூலைகளைத் தனியாக அளக்க வேண்டும். அங்கேதான் முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிறார்கள். வடம் பிடிப்பவர்கள் விலகி நிற்க இடம் தேவை. அந்த இடத்தில் வடிகால் மூடி வந்தால், சக்கரம் ஏறியதும் உடையும்.

சாலை மட்டத்தையும் எழுதுங்கள். தார் மேல் தார் போடப் போட, தேர் உச்சிக்கும் மின்கம்பிக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சை அருகே களிமேட்டில் உயரழுத்தக் கம்பியில் தேர் உரசி 11 பேர் உயிர் போனது. அந்த ஊர்ப் பெயரை நினைத்தாலே மனம் பதறுகிறது. பழைய தார் அடுக்கைச் சுரண்டிய பிறகே புதிது போட வேண்டும் என்று 2021 மே மாதமே தலைமைச் செயலர் அறிவுறுத்தியிருக்கிறார். மனுவில் அதைச் சுட்டுங்கள்.

கேள்வி: வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் பகுதி சபையில் பேசினால் போதாதா?

பதில்: போதாது. அந்தச் சபையால் மாஸ்டர் பிளானை மாற்ற முடியாது. ஆனால் வடிகால், விளக்கு, சாலை வேலைகளைப் பற்றி வார்டு குழுவுக்குச் சொல்லும் இடம் அதுதான். மூலையில் வடிகால் மூடி வேண்டாம் என்பதை அங்கே சொல்லி, நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் செய்து, நகலை உங்கள் ஆட்சேப மனுவோடு இணையுங்கள். மனுவுக்குத் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.