முதல்முறை பனிச்சறுக்கு: சப்பாத்தில் கவனம்

கிளிநொச்சியிலிருந்து மாசியில் சுவிஸுக்குச் சித்தி வீட்டுக்குப் போகிறோம், பிள்ளைகளோடு பனிச்சறுக்குப் பழக எந்த ஊர் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கல்பேர்க் போங்கள். லுட்சேர்னிலிருந்து நேரே ரயில், முக்கால் மணித்தியாலம். 3,000 மீற்றருக்கு மேலே நிற்கும் திட்லிஸ் மலையைச் சும்மா பாருங்கள்; பழகுவதற்கு ஊரடியிலுள்ள குளோஸ்டர்மத்தே சரிவுதான்.

முதல்நாளைக் கெடுப்பது பெரும்பாலும் சப்பாத்து. குளிருக்குப் பயந்து இரண்டு மேஸ் போட்டால் இரத்தோட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் விறைக்கும். முழங்கால்வரை வரும் மெல்லிய கம்பளி மேஸ் ஒன்றே போதும். நிமிர்ந்து நின்றால் பெருவிரல் நுனி முன்பக்கத்தில் முட்ட வேண்டும். முழங்காலை முன்னுக்கு மடித்தால் விலக வேண்டும். காலில் மாட்டும் சறுக்குப் பலகை நாடி உயரம் இருக்கட்டும், வாடகைக்கே எடுங்கள். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது.

பிள்ளைகளைப் பயிற்றுநரிடம் விடுங்கள். பலகை நுனிகளைக் கிட்டவாக்கி, பின்பக்கத்தை அகட்டி நிறுத்தப் பழகுமுன் மேலே ஏற்றாதீர்கள். விசாவுக்கு எடுக்கும் காப்புறுதியில் பனிச்சறுக்கும் அடங்குகிறதா என்று இப்போதே பாருங்கள்.