இரவு ஏழு மணிக்கு அங்கே யாருக்கும் பசிக்காது

கேள்வி: ஸ்பெயினின் மாட்ரிட் வந்து எட்டு மாதமாகிறது. ஏழு மணிக்குக் குடும்பத்தோடு சாப்பிடப் போனால் உணவகத்தில் அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்கள். இரவு பத்து மணிக்கும் கீழே குழந்தைகள் விளையாடுகிறார்கள். ஒன்பதுக்குள் படுக்க வைத்த என் ஏழு வயது மகள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விழித்தே கிடக்கிறாள். இந்த ஊர் ஒட்டவே இல்லை. ஜூலையில் மதுரையிலிருந்து மாமனார், மாமியார் மூன்று வாரம் வருகிறார்கள். சுத்த சைவம். தெற்கே செவில், கோர்டோபா, கிரனாடா கூட்டிப் போகலாமா? ரயிலில் புளியோதரை எடுத்துப் போனால் யாராவது ஏதாவது சொல்வார்களா?
(ஒரு வாசகி, மாட்ரிட்)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, ஊர் ஒட்டாததற்குப் பாதிக் காரணம் கடிகாரம். 1940-இல் ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஜெர்மனி நேரத்தோடு சேர்த்துவிட்டது. லண்டனுக்கும் மேற்கே இருக்கும் மாட்ரிட் இன்றுவரை பெர்லின் நேரத்தில்தான் ஓடுகிறது. கோடையில் இன்னொரு மணி நேரம் வேறு கூடும். ஜூலையில் சூரியன் உச்சிக்கு வரும்போது மணி இரண்டே கால். அவர்களின் மதியச் சாப்பாடும் அப்போதுதான். இரவு ஒன்பது மணிச் சாப்பாடு, வெயிலை வைத்துக் கணக்குப் போட்டால், நம் ஏழு மணிச் சாப்பாடு. அந்த நேரத்தில் இன்னும் வெளிச்சம் இருக்கிறதே, பிள்ளைகள் எப்படித் தூங்கும்?

நான் வலென்சியாவில் இருந்த முதல் வருடம் இதே பிடிவாதத்தோடு ஏழு மணிக்குச் சமைத்துக்கொண்டிருந்தேன். என்னை மாற்றியது 'மெரியெந்தா'. பள்ளி விட்டதும் ஐந்தரை, ஆறு மணிக்குக் கொடுக்கும் தீனி. நம் மாலை டிபனேதான்! மகளுக்கு அப்போது இரண்டு தோசையோ ரொட்டியோ டப்பாவில் போட்டுக் கீழே சதுக்கத்துக்குக் கூட்டிப் போங்கள். பெஞ்சில் உட்காருங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாக்களும் பாட்டிகளும் நீங்கள் 'ஓலா' சொன்னால் போதும், பேச்சை அவர்களே தொடங்குவார்கள். இரவு ஒன்பதுக்கு லேசாக ஏதாவது சாப்பிடலாம். பள்ளி நாட்களில் சீக்கிரம் மேலே அழைத்துக்கொள்ளுங்கள், ஜூன் கடைசியில் விடுமுறை விட்டதும் பத்து மணி வரை விட்டுவிடுங்கள். கெட்டுப்போக மாட்டாள்.

இனி ஜூலைப் பயணம். மதுரைக்காரர்களை வெயிலைச் சொல்லி மிரட்ட முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் செவிலும் கோர்டோபாவும் குவாதால்கிவிர் ஆற்றுச் சமவெளியில் கிடக்கின்றன. ஜூலையில் 40 டிகிரி அங்கே சாதாரணம். 2021 ஆகஸ்டில் கோர்டோபா மாகாணத்தில் 47-ஐத் தாண்டியது. பெரியவர்களை அந்தக் கல் முற்றங்களில் நடக்க வைக்காதீர்கள். அந்த இரண்டு ஊரையும் நவம்பருக்குத் தள்ளி, நீங்கள் மூவரும் போய்வாருங்கள். கிரனாடா மட்டும் இரண்டு இரவு. ஊர் மேட்டில் இருப்பதால் இருட்டியதும் காற்று குளிரும். அங்குள்ள அல்ஹம்ப்ரா கோட்டைக்குச் சீட்டை வெகு முன்பே, பாஸ்போர்ட் எண்களோடு வாங்குங்கள். கோட்டைக்குள் இருக்கும் நஸ்ரி அரண்மனைகளுக்கு நுழையும் நேரம் அதிலேயே அச்சாகியிருக்கும். தவறவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். மாமனார் காபிக்காக நின்றாலும் சரி!

மீதி நாட்களுக்கு வடக்கே போங்கள். 2023 நவம்பரில் வடக்குக் கடலோர அஸ்தூரியாஸ் மாநிலத்துக்கு அதிவேக ரயில் வந்துவிட்டது. மாட்ரிட்டிலிருந்து அதன் தலைநகர் ஒவியேதோ மூன்று மணி நேரம் சொச்சம்தான். பச்சை மலை, கடல், மாலையில் ஒரு ஸ்வெட்டர். கொடைக்கானலை ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் வைத்தது போல இருக்கும்.

சைவம்தான் உண்மையான தலைவலி. இறைச்சி வேண்டாம் என்று சொல்லி ஒரு கடையில் சாலட் கேட்டேன், மேலே சூரை மீன் குவித்து வந்தது. 'மீன் இறைச்சியா என்ன?' என்றார் பரிமாறியவர். ஆகவே 'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்றதோடு நிறுத்தாமல் 'சின் பெஸ்காதோ, சின் ஹமோன்' என்று மீனையும் பன்றித் தொடையையும் சேர்த்துச் சொல்லுங்கள். பருப்புக் குழம்பு என்று ஆசைப்பட்டால் அடியில் சொரிசோ என்ற பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும். உருளைக்கிழங்கு தொர்தியாவில் முட்டை உண்டு. தக்காளி தேய்த்த ரொட்டி, பொரித்த பத்ரோன் மிளகாய், தேன்பாகு ஊற்றிய கத்தரிக்காய், மோர் போலக் குடிக்கும் குளிர்ந்த தக்காளி சூப்பான கஸ்பாச்சோ, இவற்றை நம்பலாம். தங்கும் இடத்தில் சமையலறை இருக்கட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. அவர்கள் உங்கள் வீட்டில் தங்குவதாக இருந்தால், விசாவுக்கு காவல் நிலையத்தில் 'கார்த்தா தெ இன்விதாசியோன்' என்ற அழைப்புக் கடிதம் வாங்க வேண்டும். முன்பதிவு கிடைப்பதே பெரும் பாடு, அப்புறம் அசல் கடிதம் மதுரைக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த வாரமே தொடங்குங்கள்.

புளியோதரையைத் தாராளமாக எடுத்துப் போங்கள். ரயிலில் பாதிப் பேர் அலுமினியத் தாளைப் பிரித்து வீட்டு ரொட்டியைத்தான் கடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு மணிக்கு முன்னால் டப்பாவைத் திறந்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.