கால் வைக்கும் முன் பாறையைப் பாருங்கள்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எரிமலைப் பாறை உள்ள கடற்கரையைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். மாமல்லபுரம் போனால் போதுமா? (வாசகி, மேற்கு மாம்பலம்)

போதாது. மாமல்லபுரத்துக் குன்றுகள் பூமியின் ஆழத்தில் உருவானவை. பரங்கிமலை, பல்லாவரம் கல்லும் அப்படித்தான். அதன் பெயர் சார்னோக்கைட், வயது சுமார் 250 கோடி ஆண்டு. கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி ஜோப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, 1893-ல் அந்தப் பெயரை வைத்தவர் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட். அந்தக் கல் இங்கிருந்து போனதுதான் என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். வட சென்னையில் தூண்டில் வளைவுகளில் கிடக்கும் கற்களோ குவாரியிலிருந்து லாரியில் வந்தவை.

எரிமலைக் கல்லுக்கு நல்ல இடம் கர்நாடகத்தில், உடுப்பியை அடுத்த மால்பே கடலில் இருக்கும் செயின்ட் மேரீஸ் தீவு. சென்ட்ரலில் மங்களூர் ரயில் ஏறினால் மறுநாள் மங்களூர். அங்கிருந்து உடுப்பி சுமார் 60 கி.மீ. உடுப்பியிலிருந்து மால்பே 6 கி.மீ., ஆட்டோவிலேயே போகலாம். அங்கே படகு. ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிப்பதால் படகு விடுவதில்லை. டிசம்பர், ஜனவரி சரியான காலம். தீவில் தங்க முடியாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் தொப்பியும் எடுத்துப் போங்கள், நிழல் குறைவு.

கேள்வி: செயின்ட் மேரீஸ் தீவில் பாறை தூண் தூணாக நிற்பது ஏன்? யாராவது செதுக்கியதா? (வாசகர், அம்பத்தூர்)

இல்லை. வறண்ட ஏரியில் களிமண் வெடித்துக் கட்டம் கட்டமாகப் பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். எரிமலைக் குழம்பு ஆறும்போது நடப்பதும் அதுதான். ஆறிய கல் சுருங்கும்; மேலே வெடிப்பு விழும். மூன்று வெடிப்புகள் சம கோணத்தில் சந்தித்தால் இழுவிசை நன்றாகத் தணியும் என்பதால் கட்டங்கள் பெரும்பாலும் ஆறு பக்கமாக அமைகின்றன. ஐந்தும் ஏழும் உண்டு. உள்ளே ஆற ஆற வெடிப்பும் உள்ளே இறங்கும். அதனால்தான் கட்டம் தூணாக நீள்கிறது.

இந்தக் குழம்பு வெளிவந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்த காலத்தில். 6.6 கோடி ஆண்டு வயதான தக்காணத்து எரிமலைக் கல்லான பசால்ட்டோடு இதைச் சேர்த்துப் பேசுவது தவறு. இது பசால்ட்டும் அல்ல, சிலிக்கா மிகுந்த வேறு வகை. உடைந்து கிடக்கும் ஒரு துண்டைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள்: சீக்கிரம் ஆறியதால் கல்லில் உள்ள கனிம மணிகள் மிகப் பொடியாக இருக்கும். பல்லாவரத்துக் கல்லில் மணிகள் வெறும் கண்ணுக்கே தெரியும். பார்த்த துண்டை அங்கேயே வைத்துவிடுங்கள். இது தேசிய நிலவியல் நினைவுச் சின்னம். ஒரு சில்லுகூடப் பைக்குள் போகக் கூடாது.

கேள்வி: பாறையில் வழுக்கி விழுந்து அடிபடுகிறார்களே, எப்படி நடப்பது? (வாசகி, வேளச்சேரி)

நிறத்தைப் படிக்கப் பழகுங்கள். வெளிறிக் காய்ந்த பாறையில் காலை வைக்கலாம். கறுத்து மினுமினுத்தாலோ பச்சை படிந்திருந்தாலோ அது பாசி. சோப்பு தேய்த்த தரைபோல் வழுக்கும். பாறை ஈரமாக இருந்தால் அலை அதுவரை வந்து போயிருக்கிறது, மறுபடி வரும் என்று பொருள்.

இறங்கும் முன் 15 நிமிடம் தள்ளி நின்று கடலைப் பாருங்கள். ஏழாவது அலைதான் பெரியது என்று எண்ணிக்கொண்டு நிற்பது ஆபத்து. வேறு வேறு திசையிலிருந்து வரும் அலைகள் சேரும்போது பெரிய அலை எழும், அதற்குக் கணக்கு கிடையாது. கடலுக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்கவே வேண்டாம்.

கடல் ஏறுவதும் வற்றுவதும் சுமார் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். வற்றிக்கொண்டிருக்கும்போது போங்கள். போன வழி நனையத் தொடங்கினால் உடனே திரும்புங்கள்.

ஹவாய் செருப்பு கூடாது: ஈரத்தில் கால் செருப்புக்குள்ளேயே வழுக்கும், வாரும் பிடுங்கிக்கொள்ளும். பின்பட்டை உள்ள, அடியில் பள்ளம் வெட்டிய ரப்பர் சாண்டல் போதும். வெறுங்காலும் வேண்டாம். பாறையில் ஒட்டிய சிப்பியும் கொட்டலசும் பிளேடு மாதிரி வெட்டும். வெட்டினால் குடிதண்ணீரும் சோப்பும் போட்டு நன்றாகக் கழுவுங்கள், சிப்பித் துணுக்கை எடுத்துவிடுங்கள். காயம் ஆழமானால் தையலுக்கும் டெட்டனஸ் ஊசிக்கும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

கேள்வி: யாராவது கடலில் விழுந்துவிட்டால்? (வாசகர், திருவொற்றியூர்)

பின்னாலேயே குதிக்காதீர்கள், அப்படித்தான் இரண்டாவது உயிர் போகிறது. மூடி இறுக்கிய காலி 5 லிட்டர் கேனை வீசுங்கள், பிடித்துக்கொண்டு மிதக்கலாம். அலை அடிக்கும் பாறையில் ஏற முயன்றால் தலை மோதும் என்பதால், பாறையை விட்டு விலகி மிதக்கச் சொல்லிக் கத்துங்கள். ஒருவர் கண்ணை எடுக்காமல் அவரையே காட்டிக்கொண்டிருக்க, இன்னொருவர் படகுக்காரரைக் கூப்பிட வேண்டும். கடலோரக் காவல் படையின் எண் 1554, பொது அவசர எண் 112. இரண்டையும் ரயில் ஏறும் முன்பே போனில் பதிந்துகொள்ளுங்கள்.