கேள்வி–பதில்: அளவு சட்டை

கேள்வி: வருஷத்துக்கு நாலைந்து பயோபிக் வருகிறது. கணித மேதை, விமானக் கம்பெனிக்காரர், ராணுவ மேஜர், கிரிக்கெட் வீரர் எல்லோரும் ஆயிற்று. இன்னும் படம் எடுக்கிற அளவுக்கு வாழ்ந்தவர்கள் நம்மிடம் யார் யார் மிச்சம்? ஒரு பட்டியல் தர முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சிவகாசி.

பதில்: இந்தக் கேள்விக்குப் பெயரை மறைப்பானேன்? உங்கள் வாழ்க்கையையும் யாராவது படமாக எடுத்துவிடுவார்கள் என்ற பயமா?

பட்டியல் கிடையாது. பட்டியல் போட்டால், விட்டுப்போனவர்களின் பேரன்கள் வரிசையில் நிற்பார்கள். ஆனால் 'அளவுக்கு' என்று ஒரு சொல் போட்டீர்கள் பாருங்கள், நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு தையல்காரர் இருந்தார். டேப்பைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டிருப்பாரே தவிர, அதை எடுத்து யார் மேலும் வைத்து நான் பார்த்ததில்லை. "அளவு சட்டை இருந்தா குடுத்துட்டுப் போங்க சார்" என்பார். பெண்கள் வந்தால் அளவு ஜாக்கெட். ஒரு தீபாவளி அவசரத்தில், என்னைவிட அரை அடி உயரமான என் தம்பியின் சட்டையை அளவுக்குக் கொடுத்துவிட்டேன். புதுச் சட்டையைப் போட்டுப் பார்த்தால் கை என் விரல் நுனியைத் தாண்டித் தொங்குகிறது. தையல்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சட்டை கரெக்டா இருக்கு சார். நீங்கதான் குறைஞ்சிருக்கீங்க" என்றார்.

நம் பயோபிக்குகளைத் தைப்பவர்களும் இவருடைய சிஷ்யர்கள்தாம். வாழ்ந்து மறைந்தவர் மேல் டேப்பை வைப்பதே இல்லை. நடிகருடைய போன வருஷத்து வெற்றிப் படத்தை அளவு சட்டையாகக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் இடைவேளைக்கு முன் ஒரு சண்டை இருந்ததா, தியாகிக்கும் ஒரு சண்டை. அதில் மழையில் நனைந்தாரா, விஞ்ஞானியும் நனைவார். எங்கேயோ தொங்குகிறதே என்று கேட்டால், வாழ்ந்தவர்தான் குறைந்திருக்கிறார்.

ராமானுஜனை 1910இல் முதன்முதலாகப் பார்த்த நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் அந்தக் காட்சியை எழுதி வைத்திருக்கிறார். குட்டையான, பருத்த உருவம், மழிக்காத முகம், சுத்தம் என்றும் சொல்ல முடியாது, பளபளக்கும் கண்கள், கக்கத்தில் நைந்துபோன ஒரு நோட்டு. இவரை வைத்து 2015இல் வந்த ஆங்கிலப் படத்தில் நடித்தவர் தேவ் படேல். நெடுநெடுவென்று உயரம், கொடி மாதிரி உடம்பு. கணக்கு மேதையின் படத்திலேயே அளவு தப்பினால் மற்றவர்கள் கதியை யோசியுங்கள்.

பொருந்தியதும் உண்டு. 2000இல் ஞான ராஜசேகரன் எடுத்த 'பாரதி'யில் சாயாஜி ஷிண்டே. மராட்டியர், தமிழே தெரியாதவர் என்று அன்று முகம் சுளித்தவர்களில் நானும் ஒருவன். படம் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். அவருக்குத் தமிழில் அளவு சட்டையே கிடையாது. நாம் அவரை எந்தச் சண்டையிலும் எந்த மழையிலும் பார்த்ததில்லை. முண்டாசைக் கட்டியதும் தலையில் உட்கார்ந்துவிட்டது. 1961இல் 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் எஸ்.வி.சுப்பையா பாரதியாக நின்றதும் இப்படித்தான்.

இன்னொரு சொல் இருக்கிறது: 'தழுவி'. 'உண்மைச் சம்பவங்களைத் தழுவி எடுக்கப்பட்டது' என்று போடுவார்களே, அது. தழுவுவதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் தழுவுகிற தழுவலில் உண்மைக்கு மூச்சு நின்றுவிடக் கூடாது. 1997இல் வந்த 'இருவர்', எம்.ஜி.ஆர்., கருணாநிதி கதையை ஆனந்தன், தமிழ்ச்செல்வன் என்று பெயர் வைத்துத் தள்ளி நின்றே எடுத்த படம். தள்ளி நின்றதால்தான் இரண்டு பேரையும் முழுசாகப் பார்க்க முடிந்தது என்பது என் கட்சி.

உண்மைக்கு மூச்சு நிற்கக் கூடாது என்பதைத் தேனிப் பக்கம் சொல்ல முடியாது. முல்லைப் பெரியாறு அணையை மனைவியின் நகையை விற்றுத்தான் பென்னிகுவிக் கட்டினார் என்கிறார்களே, அதற்கு ஆவணம் உண்டா என்று இதே பக்கத்தில் ஒருமுறை கேட்டேன். வந்த கடிதங்களைப் பழைய பேப்பர்காரர் தராசில் இரண்டு முறை வைத்து நிறுத்தார். ஐயா, அவருக்குப் பொங்கல் வைக்கிறீர்கள், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறீர்கள், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் 1895இல் திறந்த அந்த அணை சென்னை மாகாண அரசின் பணத்தில் எழுந்தது. காய்ச்சல் காட்டுக்குள், கட்டக் கட்ட வெள்ளம் அடித்துக்கொண்டுபோக, திரும்பவும் கட்டிய ஒரு இன்ஜினீயர் போதாதா? திரைக்கதைக்கு நகை வேண்டுமாம்!

'கப்பலோட்டிய தமிழ'னைப் பற்றிப் பேசியதும் ஒரு பழைய காயம் ஞாபகம் வருகிறது. வ.உ.சி. பிறந்தநாளுக்கு நாங்கள் போட்ட கட்டுரையின் தலைப்பு, பிழை திருத்துபவர் விடுப்பில் போயிருந்த வாரத்தில், 'கப்பலேறிய தமிழன்' என்று அச்சாகிவிட்டது. அன்று ஏறியது எங்கள் மானம். இத்தனைக்கும் அது சிவகாசியில் அச்சடித்த இதழ். இப்போது புரிகிறது, நீங்கள் ஏன் பெயரை மறைக்கிறீர்கள் என்று.

அந்த 1961 படம் வசூலில் கவிழ்ந்தது. எடுத்த பந்துலு நஷ்டப்பட்டார். சிவாஜி செக்கிழுத்ததைப் பார்த்து அழுத தலைமுறை பிறகுதான் உருவானது. ஆனால் என்னைக் கேட்டால் செக்கைவிடக் கனமான காட்சி ஒன்று, 1912 டிசம்பரில் விடுதலையாகி வெளியே வந்த பிறகு இருக்கிறது. தென்னாப்பிரிக்க இந்தியர்கள் வ.உ.சி.க்கென்று கொடுத்த பணம் காந்தியிடம் இருந்தது. சென்னையில் குடும்பத்தோடு கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தவர் காந்திக்கு எழுதுகிறார். பதில் வருகிறது, பணம் வரவில்லை. மறுபடி எழுதுகிறார். கௌரவம் குறையாமல், அதே சமயம் கேட்பதையும் விடாமல். கடைசியில் 1916இல் வந்து சேர்ந்தது 347 ரூபாய் 12 அணா. இந்தக் கடிதங்களைத் தேடி வெளியிட்டவர் வரலாற்றாசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி. ஆங்கிலேயனுக்கு எதிராகக் கப்பல் விட்டவர் தபால்காரர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பதை எந்த நடிகருடைய அளவு சட்டையில் தைப்பீர்கள்? அந்த 12 அணாவை எடுக்கத் துணிகிற இயக்குநருக்கு நானே போஸ்டர் ஒட்டுவேன்.

போன மாதம் ஓர் உதவி இயக்குநர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். தாடி, தோளில் பை, சாப்பிடாத முகம். உங்கள் கேள்வியையே அவரும் கேட்டார். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு "உ.வே.சாமிநாதையர்" என்றேன்.

"தமிழ்த் தாத்தாவா சார்? சிலை இருக்கே, அவரா?"

"சிலை ஆவதற்கு முன்னால் 25 வயசுப் பையன். அந்த வருஷம்தான் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை. 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. ஊருக்கு முனிசீப்பாக, அதாவது நீதிபதியாக, வந்திருக்கும் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். 'என்ன படித்திருக்கிறீர்கள்?' என்கிறார் முனிசீப். இவர் அந்தாதி, கலம்பகம், உலா, கோவை, பிள்ளைத்தமிழ் என்று மூச்சு விடாமல் அடுக்குகிறார். எதிரே முகத்தில் ஒரு சலனமும் இல்லை. 'இதெல்லாம் படித்து என்ன பிரயோஜனம்? சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?' இவர் அந்த ஏட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை."

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்டர்வெல் பிளாக் சார்!"

"அதுதான் ஆரம்பக் காட்சி. அப்புறம் ஏடு தேடி ஊர் ஊராக அலைச்சல். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் இருந்ததாகக் கேள்விப்பட்டுப் போகிறார். சாஸ்திரப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள்."

"சூப்பர் சார். வில்லன் யாரு?"

"கரையான்."

கொஞ்சம் யோசித்தார். "கிராபிக்ஸ்ல பண்ணிடலாம். ஹீரோயின்?"

"படத்தில் இல்லை. ஆனால் அவர் பதிப்பிக்கிற காப்பியத்தில் சீவகனுக்கு எட்டு மனைவிகள். மணநூல் என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு."

"எட்டுப் பாட்டு சார்!" என்று எழுந்தே நின்றுவிட்டார். உட்கார வைக்க இன்னொரு டீ வேண்டியிருந்தது.

நிஜமான மோதலை அதற்குப் பிறகுதான் சொன்னேன். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை.தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு பட்டதாரிகளில் ஒருவர். உ.வே.சா.வைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர், 1881லேயே வீரசோழியத்தைப் பதிப்பித்தவர். அதே கும்பகோணத்தில் அப்போது வக்கீல். அவர் வந்து, சிந்தாமணியைத் தன்னிடம் தந்துவிடும்படி கேட்கிறார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை; அவருக்கும் அதே பைத்தியம். சின்னவருக்கோ பெரியவரிடம் 'மாட்டேன்' என்று சொல்ல நாக்கு எழவில்லை, கொடுக்கக் கையும் எழவில்லை. கடைசியில் கொடுக்கவில்லை. 1887இல் இவர் சிந்தாமணியை அச்சில் கொண்டுவருகிறார், அதே வருஷம் அவர் கலித்தொகையைக் கொண்டுவருகிறார். ஒருவர் சைவப் பிள்ளை, ஒருவர் ஐயர். இரண்டு பேரும் உயிரைக் கொடுத்ததில் சமண நூல்களும் உண்டு. இதில் யார் ஹீரோ, யார் வில்லன் என்று நீங்களே சொல்லுங்கள்.

எனக்குப் பிடித்த காட்சி இன்னும் சின்னது. சிந்தாமணி என்று ஒன்று இருப்பதே தமிழ்ப் புலவர்களுக்கு மறந்துவிட்டது என்று இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அதே ஊரில் ஜைனர்கள் வசிக்கும் தெருவில் ஒரு வீட்டில் விசேஷம், மாவிலைத் தோரணம். என்னவென்று விசாரித்தால், அவர்கள் சிந்தாமணியைப் படித்து முடித்த நாளாம்! வழிவழியாகப் படித்துக்கொண்டு வருகிறார்கள். ஊர் முழுக்கத் தேடிய பொருள் நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில் உயிரோடு இருக்கிறது. அந்தத் தோரணத்தைக் காட்டி கேமராவை அணைத்துவிடலாம். இதையெல்லாம் உ.வே.சா.வே 1940இலிருந்து ஆனந்த விகடனில் எழுதினார். 1942இல் காலமானபோது தொடர் முடிந்திருக்கவில்லை. செகண்ட் பார்ட்டுக்குக்கூட இடம் விட்டுத்தான் போயிருக்கிறார்.

"கிளைமாக்ஸ் சார்?"

"புரூஃப் திருத்துகிறார்."

தம்பி என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பழைய தையல்காரர் தெரிந்தார். நான் விடவில்லை. விளக்கு வெளிச்சத்தில் ஈரக் காகிதம், கண்ணுக்கு அருகில் வரி, ரகரமா றகரமா என்று ஒரு நிமிஷம் நிற்கிற பேனா. ஆயிரம் வருஷம் பழைய ஒரு சொல் அந்த ஒரு நிமிஷத்தில் பிழைத்தாலும் பிழைக்கும், போனாலும் போகும். குண்டு வெடிக்கிற கிளைமாக்ஸ் இதற்கு உறை போடக் காணுமா? அடிக்குறிப்பைப் படமாக எடுக்க முடியாது என்று ஒரு விமர்சக நண்பர் என்னோடு இருபது வருஷமாகச் சண்டை போடுகிறார். அவர் புத்தகத்தில் அடிக்குறிப்பே கிடையாது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

முந்தாநாள் தம்பியிடமிருந்து போன். தயாரிப்பாளர் கதை கேட்டு ஓகே சொல்லிவிட்டாராம். பெரிய ஹீரோவிடமும் பேசியாயிற்றாம். ஒரே ஒரு திருத்தம்: ஏட்டுச் சுவடி என்பதைப் புதையல் வரைபடம் என்று மாற்றிக்கொள்கிறார்களாம், முனிசீப் வெள்ளைக்காரன் ஆகிவிட்டார், கரையான் அப்படியே இருக்கிறது, கொஞ்சம் பெரிதாக. பிழை திருத்த என்னைக் கூப்பிடவில்லை.