நாகர்கோவில்–திருவனந்தபுரம் தினமும் போய்வர மின்சார கார் சரிப்படுமா, பேட்டரி எத்தனை வருஷம் வரும்?

சரிப்படும். ஆனால் வருஷக் கணக்கை விடுங்கள், கிலோமீட்டரைப் பாருங்கள். பல கார்களின் பேட்டரி வாரன்டி 8 வருஷம் அல்லது 1,60,000 கிமீ, எது முந்துகிறதோ அது. போக வர சுமார் 140 கிமீ, வருஷம் 300 நாள் என்றால் 42,000 கிமீ. நாலு வருஷத்துக்குள் வாரன்டி முடிந்துவிடும். அதற்காக பேட்டரி அன்றே படுத்துவிடாது. கொள்ளளவு மெல்லத்தான் குறையும்.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 7 கிமீ என்று வைத்தால் தினச் செலவு 20 யூனிட். வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் ஏழு மணி நேரம் ஆகும். எர்த்திங் சரியில்லாவிட்டால் பல கார்களில் சார்ஜே ஏறாது. எக்ஸ்டென்ஷன் ஒயர் மட்டும் வேண்டாம், சூடாகி பிளக் உருகலாம்.

உங்கள் கார் பேட்டரி எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை என்றால் வாரம் ஒருமுறை 100% ஏற்றுங்கள், இல்லாவிட்டால் மீதி சதவீதம் தப்பாகக் காட்டும். என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) வகை என்றால் தினசரிக்கு 80% போதும்.

குளச்சல், மணவாளக்குறிச்சி மாதிரி கடலோரத்தில் நிறுத்துபவர்கள் சார்ஜிங் வாயின் பின்களில் உப்புக்காற்றால் பச்சைக் களிம்பு பூக்கிறதா என்று பாருங்கள். மின்சார காரை நடுவழியில் நிற்க வைப்பது பெரும்பாலும் ஓட்டும் பெரிய பேட்டரி அல்ல, விளக்கு, பூட்டு போன்றவற்றுக்கான சின்ன 12 வோல்ட் பேட்டரிதான்.