எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்ற பிறகும் மணிக்கட்டுக்கு ஏன் சி.டி. ஸ்கேன்?

இரு சக்கர வாகனத்திலிருந்து கையை ஊன்றி விழுந்து மூன்று வாரங்களாகியும் கட்டைவிரலின் அடியில் வலி குறையவில்லை, அன்றைக்கே எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் இல்லை என்றார்கள், இப்போது எலும்பு மருத்துவர் சி.டி. ஸ்கேன் எழுதியிருக்கிறார், வீட்டில் உள்ளவர்கள் வெறும் சுளுக்குத்தான் என்கிறார்கள், ஸ்கேன் தேவைதானா, எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாதா, கதிர்வீச்சால் கெடுதல் வராதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்கேன் மையம் ஒன்றின் சி.டி. பிரிவில் பல ஆண்டுகளாகப் பணிபுரியும் டெக்னீஷியன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். உங்கள் கையைத் தொட்டுப் பார்த்த மருத்துவரின் முடிவுக்கு என் பதில் மாற்றாகாது. ஆனால் நீங்கள் சொல்லியிருக்கும் விவரங்களைப் பார்த்தால், அந்த ஸ்கேனைத் தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

கட்டைவிரலை நன்றாக விரித்து நிமிர்த்துங்கள். அதன் அடியில், மணிக்கட்டின் ஓரமாக, விறைத்து நிற்கும் தசைநாண்களுக்கு நடுவே ஒரு சிறு குழி விழும். அந்தக் குழிக்கு அடியில் இருப்பது ஸ்கேஃபாய்டு என்னும் எலும்பு. மணிக்கட்டில் இரண்டு வரிசைகளாக அமைந்த எட்டுச் சிற்றெலும்புகளில் அதிகமாக முறிவது இதுதான். அதுவும் கையை ஊன்றி விழுகிற இளவயதினருக்கே பெரும்பாலும் முறிகிறது. அந்தக் குழியில் விரலை வைத்து அழுத்தும்போது சுரீரென்று வலித்தால், எக்ஸ்ரே என்ன சொன்னாலும், முறிவு இருக்கக்கூடும் என்று கருதியே மருத்துவர்கள் அடுத்த அடியை வைப்பார்கள்.

எக்ஸ்ரேயில் இது தப்பிவிடுவதற்குக் காரணம் எடுத்தவரின் கவனக்குறைவு அல்ல. எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்கன் 1895 டிசம்பரில் தம் மனைவியின் கையைப் படமெடுத்த நாளிலிருந்து இன்றுவரை எக்ஸ்ரே என்பது நிழற்படம்தான். முன்னால் இருக்கும் எலும்பின் நிழலும் பின்னால் இருக்கும் எலும்பின் நிழலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. ஸ்கேஃபாய்டு முந்திரிப் பருப்பைப் போல வளைந்து, மணிக்கட்டின் இரண்டு வரிசைகளுக்கும் குறுக்கே சாய்ந்து கிடக்கிறது. அதில் விழும் மயிரிழை போன்ற விரிசல், கதிர் செல்லும் கோணத்தோடு ஒத்துப்போனால் மட்டுமே கோடாகத் தெரியும். துண்டுகள் விலகாத முறிவாக இருந்தால் முதல் நாள் படத்தில் ஒன்றுமே தெரியாமல் போவது வழக்கத்துக்கு மாறானது அல்ல. அதனால்தான் சந்தேகம் இருந்தால் கையை அசையாமல் கட்டி வைத்து, 10 முதல் 14 நாள்களில் மறுபடியும் படம் எடுக்கும் வழக்கம் வந்தது.

மற்ற விரிசல்கள் தாமாகவே கூடிவிடும்போது இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு கவலை என்று நினைக்கலாம். இந்த எலும்புக்கு வரும் ரத்தத்தின் பெரும்பகுதி விரல்களின் பக்கமுள்ள பாதியில் நுழைந்து, முழங்கையின் பக்கமுள்ள முனையை நோக்கிப் பின்னோக்கிப் பாய்கிறது. நடுவில் முறிந்தால் அந்தப் பின்முனைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும். எலும்பு கூடாமல் போகலாம். அந்தத் துண்டு உயிரிழந்தும் போகலாம். கூடாமல் விட்ட ஸ்கேஃபாய்டு சில ஆண்டுகளில் மணிக்கட்டின் மூட்டையே தேய வைத்துவிடும். சுளுக்கு என்று எண்ணெய் தடவி வழித்துக்கொண்டு, மாதக்கணக்கில் கழித்து, கையைத் திருப்ப முடியாத நிலையில் எங்கள் மையத்துக்கு வருபவர்களில் பலர் இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள். அவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. உங்களைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்வது அதனால்தான்.

அடிபட்ட முதல் சில நாள்களில் முறிவு உண்டா இல்லையா என்பதை மட்டும் அறிய வேண்டுமென்றால், எம்.ஆர்.ஐ.க்குத்தான் முதலிடம். எலும்புக்குள் நீர் கோத்திருப்பதை அது காட்டிவிடும் என்பதால், விரிசல் கோடாகத் தெரியாத நிலையிலும் பிடிபடும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டலும், ஸ்கேஃபாய்டு முறிவு என்ற சந்தேகம் வந்தால் முதல் படமாகவே எம்.ஆர்.ஐ.யைக் கருதலாம் என்கிறது. சி.டி.யில் சில வேளைகளில் ரத்தக் குழாய் எலும்புக்குள் நுழையும் நுண்ணிய தடம்கூட விரிசலைப் போலத் தோன்றி ஏமாற்றும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மூன்று வாரம் கடந்த உங்கள் நிலையில் மருத்துவர் அறிய விரும்புவது பெரும்பாலும் வேறாக இருக்கும்: முறிந்திருந்தால் துண்டுகள் விலகியிருக்கின்றனவா, எத்தனை மில்லிமீட்டர், எலும்பு மடங்கிக் கூன் விழுந்திருக்கிறதா, முறிந்த இடம் எலும்பின் நடுப்பகுதியிலா பின்முனையிலா? எலும்பின் வடிவத்தைப் பற்றிய இந்தக் கேள்விகளுக்கு சி.டி.யை விடத் தெளிவாகப் பதில் தருவது வேறில்லை.

அந்த மில்லிமீட்டர் கணக்கில்தான் சிகிச்சையே திரும்புகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 31 மருத்துவமனைகளில் 439 பேரைக் கொண்டு நடத்தி, 2020-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஸ்விஃப்ட் ஆய்வில், எலும்பின் நடுப்பகுதி முறிந்து 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகாதவர்களுக்கு முதலில் மாவுக்கட்டுப் போட்டாலும், திருகு வைத்து அறுவை செய்தாலும், ஓராண்டு முடிவில் கையின் வலியிலும் செயல்பாட்டிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மாவுக்கட்டில் எலும்பு கூடாதவர்களை உடனே கண்டறிந்து அறுவை செய்ய வேண்டும் என்பதே அதோடு சேர்ந்த நிபந்தனை. ஆக, எவ்வளவு விலகியிருக்கிறது, பிறகு கூடிவிட்டதா என்ற இரண்டையும் சரியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டுக்குமே சி.டி.தான் பெரிதும் நம்பத்தக்கது.

இனி, ஸ்கேன் அறையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுவோம். மாவுக்கட்டு இருந்தால் அதைப் பிரிக்க வேண்டியதில்லை. அதோடு சேர்த்தே எடுக்கலாம். எலும்பை மட்டும் பார்ப்பதற்கு ஊசியும் தேவையில்லை, பட்டினியும் தேவையில்லை. குப்புறப் படுக்கச் சொல்லி, அடிபட்ட கையை மட்டும் தலைக்கு மேலே முன்னால் நீட்டி, ஸ்கேன் கருவியின் வளையத்துக்குள் மணிக்கட்டு மட்டும் போகுமாறு வைப்போம். தோள் வலியால் அப்படி நீட்ட முடியாதவர்களுக்குத் தலையணைகளை அண்டக் கொடுத்து ஏதேனும் ஒரு வகையில் கையை உடம்பை விட்டு விலக்கி வைக்கப் பார்ப்போம். படம் எடுப்பது சில விநாடி வேலை. கையை அசையாமல் வைக்கத்தான் நேரம் பிடிக்கும்.

என் பார்வையில் முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அரை மில்லிமீட்டர் அளவிலான மெல்லிய வெட்டுகளாகக் கிடைத்த தகவலைக் கொண்டு, கணினியில் எந்தத் திசையிலும் புதிய வெட்டுப் படங்களை உருவாக்கலாம். மணிக்கட்டுக்கு நேராக வெட்டினால் சாய்ந்து கிடக்கும் ஸ்கேஃபாய்டு கோணலாகத் துண்டுபடும். விலகலும் கூனலும் கூட்டியோ குறைத்தோ தெரியும். எலும்பின் நீளவாக்கில், அதன் அச்சோடு கோட்டைப் பொருத்தி வெட்டினால்தான் அளவு சரியாக வரும். ஆனால் சந்தேகம் ஸ்கேஃபாய்டு மீது என்பது எங்களுக்குத் தெரிந்தால்தானே அப்படிச் செய்ய முடியும்? சீட்டில் ‘சி.டி. மணிக்கட்டு’ என்று மட்டும் எழுதி வருபவை ஏராளம். எங்கே வலிக்கிறது, எப்படி விழுந்தீர்கள், என்ன சந்தேகம் என்று இரண்டு வரி எழுதித் தருமாறு உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். பழைய எக்ஸ்ரேயையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

கதிர்வீச்சைப் பொறுத்தவரை உங்கள் அச்சம் இயல்பானதே. சி.டி. என்றாலே கதிர் அதிகம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வயிறு, மார்பு ஸ்கேன்களுக்கு அது பொருந்தும். மணிக்கட்டில் கதிரால் எளிதில் பாதிக்கப்படும் உள்ளுறுப்புகள் இல்லை. கையை உடம்பிலிருந்து விலக்கி நீட்டி எடுத்தால் கிடைக்கும் அளவு, கதிர்வீச்சை அளக்கும் அலகில், ஏறத்தாழ 0.03 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக நம்மீது படும் கதிர்வீச்சு, உலக சராசரியில், ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். நான்கைந்து நாள்களில் எப்படியும் நம்மீது படுகிற அளவுதான் அது. கருவுற்றிருக்க வாய்ப்பிருக்கும் பெண்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற விதி மட்டும் இங்கேயும் உண்டு.

கையில் வரும் எல்லாத் தொல்லைக்கும் சி.டி. பயன்படும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விரல்கள் மரத்துப்போகும் கார்பல் டனல் நோய்க்கு நரம்புக் கடத்தல் சோதனையும், நீர்க்கட்டிக்கும் தசைநாண் வீக்கத்துக்கும் அல்ட்ராசவுண்டும், எலும்புகளைப் பிணைக்கும் தசைநாரின் கிழிவுக்கு எம்.ஆர்.ஐ.யும் பொருத்தமானவை. மாறாக, முன்கை எலும்பின் முனை மூட்டுக்குள் நொறுங்கி 2 மில்லிமீட்டர் அளவுக்குப் படியிறங்கியிருக்கிறதா என்று அளக்கவும், மட்டை பிடித்து ஆடுவோருக்குச் சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கையில் முறியும், ஹேமேட் என்னும் சிற்றெலும்பின் கொக்கி போன்ற பகுதியைக் காணவும் சி.டி. மிக உதவும்.

அறிக்கை கைக்கு வரும்வரை மருத்துவர் கொடுத்த பட்டையைக் கழற்றாதீர்கள், யாரிடமும் சுளுக்கு வழிக்கக் கொடுக்காதீர்கள், வண்டியும் ஓட்டாதீர்கள். முறிவு உறுதியானால், கட்டைப் பிரிக்கும் காலத்தில் எலும்பு எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்க்க இன்னொரு சி.டி.யும் எழுதக்கூடும். அப்போது ஒப்பிட்டுப் பார்க்க இந்த ஸ்கேனின் படங்கள் வேண்டும். எனவே அச்சிட்ட ஃபிலிமோடு நிற்காமல், முழுப் படங்களும் அடங்கிய குறுவட்டையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.